போன்சாய் ஸ்டாண்டுன்னா அலமாரி இல்ல சார்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல மொட்டை மாடியில போன்சாய், அதாவது தட்டைத் தொட்டியில குட்டையாவே வச்சிருக்கற மரம், வளக்கறதப் பத்தி ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க. படமெல்லாம் அழகா இருந்துச்சு, மரத்தப் பத்தி எழுதினதுலயும் கொறை சொல்ல ஒண்ணுமில்ல. ஆனா அந்தப் படத்துல தொட்டியெல்லாம் அடுக்கியிருந்த ஸ்டாண்டு இருக்கே, அதப் பாத்ததுலேர்ந்து எனக்கு மனசு கேக்கல. மெல்லிசா நாலு கறுப்புக் கம்பி, மேல கண்ணாடித் தட்டு, மூணு அடுக்கும் ஒண்ணுக்கு மேல ஒண்ணு நேரா. ஸ்டாண்டப் பத்தி எழுதினது ஒரே வரி, உங்க ரசனைக்கு ஏத்த மாதிரி வாங்கிக்கலாம்னு. ரசனையெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம் சார், அந்த ஸ்டாண்டு எங்க ஊரு ஆடிக்காத்துல ஒரு பொழுது தாங்காது.

நான் பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்புல 34 வருஷம் ஃபிட்டரா வேலை பாத்து ரிட்டயர் ஆனவன். மரம் வளக்கறதுல ஒம்பது வருஷ அனுபவம், அதாவது இன்னும் கத்துக்குட்டிதான். மாடியில 22 தொட்டி இருக்கு, ஆல், இச்சி, புளி, கொடுக்காப்புளி, காகிதப்பூ, ரெண்டு அடீனியம். கத்தரிக்கறதுல, கெளைய வளைக்கக் கம்பி சுத்தறதுல எனக்குத் தெரியாதது நெறைய உண்டு, ஆனா இரும்பு தெரியும். தெரிஞ்சுமே ஸ்டாண்டு விஷயத்துல ரெண்டு தடவ மண்ணக் கவ்வினேன், அதனாலதான் இந்த நீளக் கடுதாசி, கொஞ்சம் பொறுத்துக்கங்க.

மொதல்ல ஸ்டாண்டு எதுக்கு, தரையில வச்சா என்னன்னு கேப்பாங்க. எங்க வீட்டுக்காரம்மாவும் அதத்தான் கேட்டாங்க. மே மாசம் ரெண்டு மணிக்கு எங்க ஊருத் தளத்துல செருப்பில்லாம நின்னு பாக்கச் சொல்லுங்க. போன்சாய்த் தொட்டி மூணு அங்குலம்தான் ஆழம், வேரெல்லாம் அடியிலயும் ஓரத்துலயும்தான் ஓடும், தளத்துச் சூடு நேரா வேருக்குப் போயிரும். சூடு பரவால்லன்னு விட்டாக்கூட ஆலும் அரசும் சும்மா இருக்காது. சன்ஷேடுல காக்கா எச்சத்துல மொளச்ச அரசங்கன்னு சுவத்தப் பொளக்கறத எல்லாரும் பாத்திருப்பீங்க, அதே சாதிதானே தொட்டியிலயும் இருக்கு. நான் ஒரு ஆலந்தொட்டிய ஒரு மழைக்காலம் பூரா தரையில விட்டுட்டேன், தை மாசம் தூக்கப் பாத்தா வர மாட்டேங்குது, அடி ஓட்டை வழியா வேர் எறங்கி தட்டோட்டு இடுக்குல புகுந்து உக்காந்திருக்கு. அறுத்துத்தான் எடுத்தேன். கொத்தனார் வந்து அந்த எடத்தப் பூசிட்டு என்னப் பாத்த பார்வை இன்னும் மறக்கல.

சில பேரு கைப்பிடிச் சுவர் மேல வரிசையா வைக்கறாங்க. தயவு செஞ்சு வேணாம். கீழ தெருவுல கொழந்தைங்க நடக்குது.

இன்னொண்ணு, இது ரசனை சம்பந்தப்பட்டதுதான், ஒத்துக்கறேன். போன்சாய மேலேர்ந்து குனிஞ்சு பாத்தா அது செடி, அடிமரம் கண்ணுக்கு நேரா வர்ற மாதிரி பாத்தாத்தான் அது மரம். எங்க பேத்தி நாலு வயசுல மாடிக்கு வந்தா எல்லா மரமும் அவளுக்கு மட்டும் பெருசாத் தெரியும், ஏன்னு எனக்கு அப்பப் புரியல. அவ கண்ணு ஒசரத்துக்கு நான் ஒரு நாள் ஸ்டூல் போட்டு உக்காந்து பாத்தப்பதான் புரிஞ்சுச்சு.

சரி, என் மொத ஸ்டாண்டு கதைக்கு வர்றேன். செலவில்லாம முடிக்கலாம்னு வீடு கட்டின மிச்சம் கெடந்த கடப்பா கல்லு ஒண்ண எடுத்தேன், அஞ்சடி நீளம், முக்கால் அங்குல கனம். ரெண்டு பக்கமும் ஹாலோ பிளாக் அடுக்கி மேல கல்லப் போட்டு அஞ்சு தொட்டி வச்சேன். பாக்க லட்சணமா இருந்துச்சு. நாலாவது மாசம் மத்தியானம் சாப்புட்டுட்டு படுத்திருக்கேன், மேல டமார்னு சத்தம். கல்லு நட்டநடுவுல ரெண்டாப் போச்சு, அஞ்சு வருஷத்துக் கொடுக்காப்புளி ஒண்ணு அதோட போச்சு. இரும்போட பழகினவனுக்கு கல்லோட கொணம் மறந்து போச்சு, அதான் விஷயம். கல்லு மேலேர்ந்து அமுக்கினா எவ்வளவு வேணாத் தாங்கும், வளஞ்சா தாங்காது. வளையறப்ப அடிப்பக்கம் இழுபடும், அந்த இழுவைக்கு கல்லுல பலமே கெடையாது. ஸ்ரீரங்கத்துல ஆயிரங்கால் மண்டபம் எத்தன தடவ போய் நின்னுருக்கேன், ஏன் அத்தன தூண அவ்வளவு நெருக்கமா நிறுத்தினான்னு அன்னைக்குத்தான் ஒறச்சுச்சு. கல்லு உத்தரம் ரொம்ப தூரம் தாண்டாது சார், அதனால நெருக்கி நெருக்கிக் கால் குடுத்தான். கடப்பா கல்லுதான் வேணும்னா ரெண்டடிக்கு ஒரு பிளாக் குடுங்க, ஒண்ணும் ஆகாது, துருவும் புடிக்காது. ஆனா அது கறுப்புக் கல்லு, வெயில்ல தோசக்கல்லாட்டம் காயும், அதுக்கு மேல ரீப்பர் கட்டைய, அதாவது மெல்லிசான மரச்சட்டத்த, விரிச்சுத்தான் தொட்டி வைக்கணும்.

ரெண்டாவது ஸ்டாண்டு அடிக்கறப்ப எனக்கு கண்ணு ஆப்பரேஷன் ஆகி வெல்டிங் பக்கமே போகக்கூடாதுன்னுட்டாங்க, அதனால வெளிய ஒரு பட்டறையில குடுத்தேன். ஒண்ணரை அங்குல சதுரக் குழாய், 16 கேஜ்னு பேசி அட்வான்ஸ் குடுத்தேன். வந்தத கையில தூக்கினதுமே லேசாத் தெரிஞ்சுச்சு, 20 கேஜ்தான் போட்டிருக்கான். கேட்டா சார் செடி வைக்க இது போதும்ங்கறான். சண்ட போட தெம்பு இல்லாம வாங்கி வச்சுட்டேன். கேஜுல நம்பர் கூடினா தகடு மெல்லிசு, இது தெரியாம 20 பெருசுதானேன்னு ஏமாந்தவங்க உண்டு, அதனால சொல்றேன். அந்த ஸ்டாண்டு ரெண்டே வருஷம். குழாயோட வாயெல்லாம் தொறந்தபடி விட்டுட்டான், மழைத்தண்ணி உள்ள எறங்கி நிக்குது, வெளிய பெயின்ட் பளபளன்னு இருக்கு, உள்ள துரு தின்னுக்கிட்டே போகுது. போன்சாய்க்கு நாம ஊத்தற ஒரத்தண்ணியில உப்பு வேற, அது இரும்புக்கு எமன். ஒரு நாள் ஸ்டாண்டுக் கால கைக் கட்டைவெரலால அமுக்கினேன், பொத்துனு உள்ள போச்சு.

அதனால என் கட்சி ஆங்கிள்தான், அதாவது எல் எழுத்து மாதிரி மடிஞ்ச இரும்புச் சட்டம். குழாய் பாக்க நைசா இருக்கும், ஆனா அதுக்கு உள்பக்கம்னு ஒண்ணு இருக்கு, அங்க நம்ம பிரஷ் போகாது. ஆங்கிள்ல எல்லாப் பக்கமும் கண்ணுக்குத் தெரியும், வருஷா வருஷம் ஐப்பசிக்கு முன்னாடி சுரண்டி ஒரு கை அடிச்சா என் காலத்துக்கு அப்பறமும் நிக்கும். குழாய்தான் போடுவேன்னு பிடிவாதமா இருக்கறவங்க எல்லா வாயையும் தகடு வச்சு அடச்சு வெல்டு பண்ணச் சொல்லுங்க, முடிஞ்சா துத்தநாகம் பூசின ஜிஐ குழாயே வாங்குங்க. வெல்டு வச்ச எடத்துல கசடத் தட்டி எடுத்து கம்பி பிரஷ் போட்டுட்டுத்தான் துருவத் தடுக்கற ரெட் ஆக்சைடு பெயின்ட் அடிக்கணும், பட்டறையில தட்டாமலே மேல பூசிருவாங்க, துரு அங்கேர்ந்துதான் ஆரம்பிக்கும். பக்கத்துலயே நின்னு பாருங்க, வெக்கப்படாதீங்க.

இப்ப எடைக்கு வர்றேன், உங்க பக்கத்துல ஒரு வரி கூட இல்லாதது இதுதான். என்கிட்ட 18 அங்குலத்துக்கு 12 அங்குலத் தொட்டி ஒண்ணு இருக்கு, மூணு அங்குல ஆழம். பழைய பேப்பர் கடைத் தம்பிகிட்ட தொங்கு தராசு வாங்கிட்டு வந்து நிறுத்தேன், காஞ்சப்ப 20 கிலோ, தண்ணி ஊத்தினப்பறம் 24 சொச்சம். சும்மா தட்டையா ஒரு தட்டாட்டம் இருக்கறது 24 கிலோ சார். அப்படிப் பத்து வச்சா 240, ஸ்டாண்டு இரும்பு ஒரு 50, ஆக 290 கிலோ. என் ஸ்டாண்டு அடைக்கற எடம் ஆறடிக்கு மூணரை அடி, 21 சதுர அடி. வகுத்துப் பாத்தா சதுர அடிக்கு கிட்டத்தட்ட 14 கிலோ. நம்ம நாட்டுக் கட்டட விதிமுறை ஐஎஸ் 875னு ஒண்ணு இருக்கு, அதோட ரெண்டாம் பாகத்துல ஆளு நடமாடற மொட்டை மாடிக்கு சதுர மீட்டருக்கு 1.5 கிலோ நியூட்டன்னு போட்டிருக்கு, நம்ம கணக்குல சுமார் 150 கிலோ, சதுர அடிக்கு அதே 14. ஆளு ஏறாத தளத்துக்கு அதுல பாதிதான். ஆக ஒரே ஒரு ஸ்டாண்டுலயே கணக்கத் தொட்டாச்சு. உடனே தளம் விழுந்துரும்னு பயமுறுத்தல, அந்த 14 தளம் பூரா பரவி இருக்கறதுக்குச் சொன்ன கணக்கு. ஆனா நம்ம ஸ்டாண்டோட பாரம் பூரா நாலே நாலு கால்ல எறங்குது, அத ரூமுக்கு நட்டநடுவுல கொண்டு போய் நிறுத்தாதீங்க, கீழ சுவரோ பீமோ எங்க ஓடுதுன்னு பாத்து அதுக்கு மேல வைங்க. மரச்சட்டத்து மேல செங்கல் அடுக்கின அந்தக் காலத்து மெட்ராஸ் டெரஸ் வீடா இருந்தா போன்சாய முத்தத்துல வச்சுக்கறதுதான் மரியாத.

காலுக்கு அடியில நாலு அங்குலச் சதுரத்துல தகடு வெல்டு பண்ணி, அதுக்கு அடியில பழைய டயர வெட்டி ஒட்டினேன். இரும்பு நேராத் தளத்துல பட்டா துருக்கறையும் எறங்கும், தட்டோடும் ஒடையும்.

தளத்துல ஓட்டை போட்டு போல்ட் அடிக்கறவங்களும் இருக்காங்க. எங்க மாப்பிள்ள வீட்டுல அப்படித்தான் கெட்டியா இருக்கட்டும்னு ஆங்கர் போல்ட் அடிச்சு நிறுத்தினாரு. ஸ்டாண்டு கெட்டியாத்தான் இருக்கு, அந்த ஐப்பசி மழையில படுக்கையறை சீலிங்தான் வாழைப்பூ கலருக்கு வந்துருச்சு. நீர்க்கசிவு வராம இருக்க ஆயிரக்கணக்குல செலவு பண்ணி ஒயிட் கோட்டிங் அடிச்சுட்டு அதுல நாமளே பதினாறு ஓட்டை போடறது என்ன புத்தின்னு சொல்ல முடியுமா, மாப்பிள்ளையாச்சே. சுவத்துல கிளாம்ப் போடலாம், தளத்துல மட்டும் ட்ரில்லத் தொடவே தொடாதீங்க.

இப்ப நிக்கற மூணாவது ஸ்டாண்டு நானே அடிச்சது, டாக்டர் சரின்னு சொன்னப்பறம். 35 எம்எம் ஆங்கிள், அஞ்சு எம்எம் கனம். படிக்கட்டு மாதிரி மூணு படி, ஒண்ணேகால் அடி, ரெண்டேகால், மூணேகால்னு ஒசரம், ஒவ்வொரு படியும் 14 அங்குல அகலம். உங்க படத்துல மாதிரி நேருக்கு நேரா அடுக்கினா மேல் தட்டு கீழ் தட்டோட வெயிலத் தின்னுரும், மேல் தொட்டிக்கு ஊத்தற தண்ணி கீழ் மரத்தோட தலையில ஊத்தும், கீழ இருக்கறது வெளிச்சம் தேடி முன்னாடியே கோணிக்கிட்டு வளரும். படிக்கட்டுன்னா அந்தத் தொல்லை இல்ல. பலகைக்கு இடிச்ச வீட்டுத் தேக்கு ரீப்பர், பழைய மரக்கடையில கெடச்சுது, ரெண்டங்குல அகலம், ஒவ்வொண்ணுக்கும் நடுவுல அரை அங்குல சந்து. அந்தச் சந்துதான் முக்கியம், தண்ணி நிக்காது, தொட்டி அடியில காத்து ஓடும். கண்ணாடியிலயோ ஒட்டுப்பலகையிலயோ தொட்டி அடியில எப்பவும் ஈரம் தங்கும், வேர் அழுகும், கொசுவும் வரும். தட்டு வச்சுத் தண்ணி தேக்கறவங்க மாநகராட்சிக்காரங்க டெங்கு சோதனைக்கு வர்றப்பப் படற பாட்ட எங்க தெருவுலயே பாத்திருக்கேன்.

நிறுத்தறப்ப ரசமட்டம் வச்சுப் பாக்க மறந்துராதீங்க. தளம் நேரா இருக்கற மாதிரித்தான் தெரியும், ஆனா மழைத்தண்ணி குழாய்க்கு ஓடறதுக்கு கொத்தனார் வாட்டம் விட்டிருப்பாரு, ஆறடிக்கு ஒரு அங்குலம் கூட எறங்கும். ஸ்டாண்டு சாஞ்சா தொட்டியும் சாயும், ஆழமில்லாத தொட்டியில ஊத்தற தண்ணி பூரா ஒரு பக்கமாவே வழிஞ்சு ஓடிரும், மேட்டுப் பக்கத்து வேர் தண்ணி பாக்காம காயும். ஒரு இச்சியில ஒரு பக்கக் கெளை மட்டும் ஏன் வாடுதுன்னு ஆறு மாசம் மருந்தா அடிச்சேன். கடைசியில பாத்தா கால்ல ஒரு டயர்த் துண்டு கம்மி.

எந்தத் தெசை பாத்து வைக்கறதுன்னு ஒரு பெரிய கொழப்பம். வெளிநாட்டுப் புத்தகத்துல, வீடியோவுல எல்லாம் தெற்கு பாத்து வைன்னு இருக்கும், அது ஜப்பானுக்கு சரி. அங்க சூரியன் வருஷம் பூரா தெக்குப் பக்கம்தான் சாஞ்சு போகும். நம்ம ஊருக்கு அது செல்லாது. திருச்சியில ஏப்ரல் மூணாவது வாரம் சூரியன் உச்சந்தலைக்கு நேரா வந்து அப்படியே வடக்கத் தாண்டிரும், ஆகஸ்டு கடைசி வாரம்தான் திரும்பி வரும், நடுவுல நாலு மாசம் உச்சி வெயில் வடக்குப் பக்கத்துலேர்ந்துதான் விழுது. அதனால இங்க தெக்கு வடக்கு பாக்கறத விட கெழக்கு மேக்கு பாக்கறதுதான் புத்தி. என் ஸ்டாண்டு கெழக்கப் பாத்து நிக்குது, முதுகுக்கு மேக்க தண்ணி டேங்க் ரூம் சுவர். காலை வெயில் பூரா கெடைக்கும், மூணு மணிக்கு மேல சுவர் நிழல் விழுந்துரும். மே மாசம் மட்டும் மேல அம்பது பர்சன்ட் வெயில மறைக்கற பச்ச நெட் ஒண்ணு.

அந்தச் சுவர் காத்துக்கும் காவல். ஆடியில அம்மியும் பறக்கும்னு சொன்னவன் எங்க பக்கத்து ஆளாத்தான் இருக்கணும், பாலக்காட்டுக் கணவாய் வழியா நொழஞ்சு வர்ற மேல்காத்து நேரா எங்க மாடிக்குத்தான் வருது. போன்சாய் பாவம், தலை கனம், தொட்டி தட்டை, தள்ளினா கவுந்துரும். சுவரோட அரும தெரியணும்னா ஒரு சேதி சொல்றேன், பேத்தி செல்போன்ல காட்டினது. 1976ல ஜப்பான் அமெரிக்காவுக்கு 53 போன்சாய் குடுத்துச்சு, அதுல ஒரு பைன் மரம் 1625லேர்ந்து தொட்டியில வளந்தது. 1945ல ஹிரோஷிமாவுல குண்டு விழுந்தப்ப ரெண்டு மைலுக்குள்ளதான் இருந்திருக்கு, நர்சரியச் சுத்தி நின்ன ஒசந்த சுவர்தான் காப்பாத்துச்சாம். இன்னும் வாஷிங்டன்ல இருக்கு. அணுகுண்டுக்கே சுவர்னா ஆடிக்காத்து எம்மாத்திரம்னு அன்னைக்கு வீட்டுல பெருமையடிச்சேன்.

ஆனா புயல் மேக்கேர்ந்து வராதே. 2018 நவம்பர் 15 ராத்திரி கஜா வருதுன்னதும் தொட்டியெல்லாம் எறக்கி கைப்பிடிச் சுவரோரமா தரையில நெருக்கி வச்சுட்டேன், அப்ப இருந்தது அந்த ரெண்டாவது ஸ்டாண்டு. விடிஞ்சு போய்ப் பாத்தா காலி ஸ்டாண்டு ரெண்டடி நகந்து நிக்குது. இப்ப டேங்க் ரூம் சுவத்துல ரெண்டு கிளாம்ப் போட்டு முதுகக் கட்டியிருக்கேன், கனத் தொட்டியெல்லாம் அடிப்படியில. ஒவ்வொரு தொட்டியையும் அடி ஓட்டை வழியா அலுமினியக் கம்பி விட்டு ரீப்பரோட சேத்து முறுக்கியிருக்கேன். புயல்னு ரேடியோவுல சொன்னா கட்டிங் பிளேயர எடுத்துக்கிட்டு ஏறிருவேன், 22 தொட்டிய எறக்க முக்கால் மணி நேரம்.

எறும்புக்கு மட்டும் இன்னும் வழி தெரியல. எறும்பு ஏறினா மாவுப்பூச்சியத் தூக்கிட்டு வந்து குடியேத்தும். ஸ்டாண்டுக் கால கிண்ணத்துத் தண்ணியில நிறுத்தினா கொசு, கால்ல கிரீஸ் தடவினா வெயில்ல உருகித் தளம் பூரா வழியுது, வீட்டுக்காரம்மா தொடப்பத்தத் தூக்கிட்டு வர்றாங்க. வாசகர்கள் யாருக்காவது வழி தெரிஞ்சா உங்க பத்திரிகைக்கே எழுதட்டும், நான் படிச்சுக்கறேன்.

இவ்வளவு எழுதக் காரணம், உங்க படத்தக் கத்தரிச்சு எடுத்துக்கிட்டு எங்க பக்கத்துத் தெரு ஆளு ஒருத்தர் இதே மாதிரி ஸ்டாண்டு வேணும்னு பட்டறைக்குப் போயிட்டாரு. அவர்கிட்ட இருக்கறது நாலே மரம், ஆனா ஒண்ணு நாப்பது கிலோ ஆல், அதக் கண்ணாடி மேல வைக்கப் போறாராம். அட்வான்ஸ் குடுக்காதீங்க, ஒரு தடவ வந்து என் ஸ்டாண்டத் தொட்டு ஆட்டிப் பாத்துட்டு முடிவு பண்ணுங்கன்னு சொல்லியிருக்கேன், வர்ற ஞாயிறு சந்தைய முடிச்சுட்டு வர்றேன்னாரு. அதுக்குள்ள நீங்களும் அதே பக்கத்துல நாலு வரி திருத்தம் போட்டீங்கன்னா, அவருக்கு நான் சொல்றத விட பேப்பர்ல வந்தாத்தான் நம்பிக்க. அளவு போட்ட படம் ஒண்ணு பென்சில்ல வரஞ்சு இதோட வச்சிருக்கேன், கோடு கொஞ்சம் கோணலா இருக்கும், அளவு சரியா இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற ஃபிட்டர்,
பொன்மலை, திருச்சி.